காப்புக் கட்டிய கை

அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்ததால், ஆணின் கை என்றாலே எனக்குப் பயம். அதனால் நான் விரும்பியவருக்குக்கூடக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் விஷயம் தெரிந்த அண்ணன், நோர்வூட் பஸ் தரிப்பிடத்தில் என் கண்முன்னே அவர் முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

"திருப்பி அடிடா! நீயெல்லாம் ஆம்பளையா?"

தீமிதிப்புக்குக் காப்புக் கட்டியிருந்த அவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். காப்பு இருக்கும்வரை யாரையும் அடிக்கக் கூடாது.

"திருவிழா முடியட்டும் மச்சான், வந்து திருப்பித் தர்றேன்."

அண்ணன் கல்லை ஓங்கினான். நான் குறுக்கே பாய்ந்தேன். கல் என் தோளைக் கிழித்தது. அதைக் கண்டதும் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"நம்ம கல்யாணம் பண்ணிக்கலாங்க" என்று அவரிடம் அங்கேயே சொன்னேன்.

காப்பை அவிழ்த்த பிறகும் அந்தக் கை யார்மேலும் ஓங்கியதில்லை. எல்லாம் மாரியம்மன் கருணை.