ஐந்தாவது அலகை எழுதியவர்

கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி அலுவலக உதவியாளர் கஜேந்திரன் போன் செய்தார். "சார், ரேணுகா மேடம் தவறிட்டாங்க சார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு படுத்துகினு இருந்தவங்க, அப்படியே போயிட்டாங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி இந்த அம்மாளை எப்படி மிஞ்சுவது என்பதுதான் முதலில் வந்தது. சீ, என்ன மனம் இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். கையில் இருந்த பழங்களைக் கூடையிலேயே போட்டுவிட்டுத் திருத்தணிப் பேருந்தில் ஏறினேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் அரசியல் அறிவியல் துறையில் இருபது ஆண்டுகள் அவருடைய மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. அந்த இருபது ஆண்டும் எனக்கு அவர்மேல் பொறாமை. இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

பாடத்திட்டத்தை நாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை எங்கள் கல்லூரிக்குக் கிடைத்த ஆண்டு, இளங்கலை மூன்று வருடத்துக்கும் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்று நான் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். முதல் பருவத்தில் மேலைநாட்டு அரசியல் சிந்தனை, கிரேக்கத்திலிருந்து. துறைக் கூட்டத்தில் வாசித்து முடித்தேன். ரேணுகா மேடம் அப்போது பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "நல்லா இருக்கு சார். ஆனா கிரேக்கத்துக்கு அப்புறமா போலாம். புள்ளைங்கள மொதல்ல தாலுகா ஆபீசுக்குக் கூட்டிகினு போயிட்டு வந்துடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். துறைத்தலைவர் அங்கேயே பேனாவை எடுத்து என் முதல் பருவத்தை மூன்றாவதுக்குத் தள்ளினார். அன்று நான் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அவருக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. உள்தேர்வுகளில் தோற்ற மாணவர்களின் விடைத்தாள்களை மட்டும் கட்டிக் கட்டி அலமாரியில் வைத்திருப்பார். பாடத்திட்டத்தைத் திருத்தும் காலம் வந்தால் அதைத்தான் முதலில் பிரிப்பார். "நல்லா எழுதின பேப்பர் அந்தப் புள்ளையப் பத்திச் சொல்லும் சார். தோத்த பேப்பர் நம்மளப் பத்திச் சொல்லும்" என்பார். ஒரு நாள் நான் பூஜ்யம் போட்டிருந்த தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. அதிகாரப் பிரிவினை என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருவன், 'கலெக்டர், அவருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே வி.ஏ.ஓ.' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்திருந்தேன். அவரோ மறுநாள் வகுப்பை அந்த விடையிலிருந்தே தொடங்கினார். பக்கத்து வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்ததும் அதே பாடம்தான். என் மாணவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் திருத்தணி மலையடிவாரத்தில் பிறந்தவன். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வருடம் உள்தேர்வு அட்டவணையைப் போடும்போது கிருத்திகையை ஒட்டி வரும் தெப்பத் திருவிழாவின் மூன்று நாளிலும் தேர்வு வைத்துவிட்டேன். பேருந்து நகராது. வகுப்பில் பாதிப் பேர் காவடியோடு படியில் நிற்பார்கள். அறிவிப்புப் பலகையில் தாள் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது, பதறிக்கொண்டு ஓடினேன். அங்கே தேதிகள் ஏற்கெனவே மாறியிருந்தன. ரேணுகா மேடம் புதிதாகத் தட்டச்சு செய்து, கீழே என் பெயரையே போட்டு ஒட்டியிருந்தார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னிடம்கூட. நாலு பேர் முன்னால் என்னைக் கிண்டல் செய்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

இப்போது ஐந்தாவது அலகுக்கு வருகிறேன். இந்த அஞ்சலியே அதற்காகத்தான்.

ஒவ்வொரு பாடத்தாளுக்கும் ஐந்து அலகுகள், அதாவது யூனிட்டுகள், இருக்க வேண்டும். உள்ளாட்சித் தாளை ரேணுகா மேடம் தயாரித்தபோது நான்கு அலகுகளை எழுதிவிட்டு ஐந்தாவதைக் காலியாக விட்டார். மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் விவகாரமே அந்த அலகு என்றார். பாடத்திட்டக் குழுவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் முகம் சுளித்தார். நான் விதிப்புத்தகத்தைப் பிரித்து, "இதற்கு இடமே இல்லை" என்று பக்கத்தைக் காட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் காட்டினேன். தாள் நிராகரிக்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

மறுநாள் காலை மேடம் அதே தாளோடு என் மேசைக்கு வந்தார். "சார், அம்மையார்குப்பத்துல எங்க நைனா ஒரே ஒரு தடவைதான் கிராம சபையில கை தூக்கினாரு. தெருவுல கால்வாய் வேணும்னு. தீர்மானம் போட்டாங்க. அது என்ன ஆச்சுன்னு சாவுற வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளையும் அவங்க ஊர்ல ஒரு தீர்மானத்த எடுத்துகினு, அது எங்க போயி நின்னுச்சுன்னு பாத்துட்டு வரட்டும். அவ்ளோதான் அஞ்சாவது யூனிட்டு. நான் எழுதினா தள்ளிடுவாங்க. நீங்க எழுதினா யாரும் கை வைக்க மாட்டாங்க சார்."

"உங்க யோசனைதானே மேடம், என் பேர் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆங், பேர்ல என்னா சார் இருக்கு? புள்ளைங்க போவணும், அவ்ளோதான்."

எழுதிக் கொடுத்தேன். 'களஆய்வு', 'நடைமுறைப்படுத்தல்' என்று கனமான சொற்களாகப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் தேறியது. 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் ஏறியது. அன்று முதல் எங்கள் பட்டப்படிப்பில் மாணவர்கள் மறக்காத ஒரே பாடம் அதுதான். பழைய மாணவர்கள் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் பேசுவார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன்.

இரங்கல் கூட்டத்துக்குச் சுகுணா வந்திருந்தாள். எங்கள் மாணவி. பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்போது ஊராட்சிச் செயலர். மைக்கின் முன்னால் நின்று அழுதாள். "எங்க ஊர்ல தீர்மான நோட்ட எவன் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுறேன். அது இந்த காலேஜ்ல கத்துகினது. மேடம் நடத்தினாங்க. ஆனா அந்த அஞ்சாவது யூனிட்ட எழுதினது நம்ம சாரு. அவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கிறேன்" என்றாள். கூட்டமே என் பக்கம் திரும்பியது. மேடையில் மாலை போட்ட படம் இருந்தது. நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன், கைகூப்பினேன், உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பாடத்திட்டத்தை மறுபடி திருத்தும் வேலை இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. கிரேக்கத்தை முதல் பருவத்துக்குத் திருப்பிக் கொண்டுவர இதைவிட நல்ல சமயம் கிடையாது, தடுக்க ஆளும் இல்லை. நான் தொட்டது ஒரே ஓர் இடம்தான். உள்ளாட்சித் தாளில் என் பெயரை அடித்துவிட்டு ரேணுகா என்று எழுதினேன். "இல்லாதவங்க பேர எப்படி சார் போடறது?" என்றார் இப்போதைய துறைத்தலைவர். "எழுதினவங்க பேரத்தான் போடணும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன்.

பிறகு சுகுணாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியா சார்? மேடம் எங்ககிட்ட வேற மாதிரி சொல்வாங்களே. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அந்தப் பாடத்த முடிச்சுட்டு, 'இத எழுதினது எதிர் டேபிள் சாரு, எங்க பாத்தாலும் அவருக்கு நன்றி சொல்லணும்'னு சொல்லித்தான் அனுப்புவாங்க."

போனை வைத்துவிட்டு அவருடைய காலி நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே அழுதேன்.

நான்கு அலகுகளைத் தன் கையெழுத்தில் எழுதி, ஐந்து என்ற எண்ணுக்குக் கீழே அவர் ஒன்றுமே எழுதாமல் விட்ட அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு, அந்தத் தாளும் இந்தப் பொறாமையும். இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.