பைக்குள் எலுமிச்சை வாசம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பட்டப்பெயர். யாராவது சென்ட் போட்டு வந்தால் வாசலிலேயே மடக்கிவிடுவாள். "வெளியவே நில்லு சாமி, உன் வாசத்தையும் சேர்த்து என் பை கணக்குக் காட்டிரும்" என்பாள். அறை அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் பை அது. அதில் சுத்தமான காற்றை நிரப்பி, இரண்டு வாயுக்களைச் செலுத்தி, அவை சேர்ந்து என்னவாகின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பையிலிருந்து ஒரு குழாய் வாயுவை அளக்கும் கருவிக்குப் போகும். இன்னொன்று துகள்களை எண்ணும் கருவிக்கு.

வீட்டில் கணவர் படுத்த படுக்கை. பெயின்ட் அடித்தே கெட்ட நுரையீரல். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்த கொழுந்தன், தன் மோட்டார் சைக்கிளை விற்று, காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே வைத்தான். ஓசோன் விடுகிற ரகம். மலைக்காற்று என்று பெட்டியில் அச்சடித்த மகராசனை என்ன செய்தால் தகும்! ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராத அவளுக்கும் அது உறைக்கவில்லை. வேலைக்குப் பூசிப் போக முடியாத வாசனைக்கெல்லாம் சேர்த்து, எலுமிச்சை வாசத் திரவம் ஊற்றித் தரையைத் துடைப்பாள். அவர் இருமினால் இன்னொரு முறை துடைத்து, மெஷினைக் கூட்டி வைப்பாள்.

அன்று பைக்குள் ஓசோனும் எலுமிச்சை வாசனைப் பொருளும் போயின. சற்று நேரத்தில் திரையில் துகள் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"என்ன மேடம், கருவி கெட்டுப்போச்சா?" என்று ஆராய்ச்சியை நடத்தும் விஞ்ஞானியிடம் கேட்டாள்.

"இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. தரை துடைக்கிறதுல வருமே, அதே வாசம்தான். ஓசோன் பட்டா நுண்ணிய துகளா மாறிடும். ஃபார்மால்டிஹைடு வாயுவும் வரும். நுரையீரலுக்கு ஆகவே ஆகாது."

 அவள் பாதி வேலையில் வீட்டுக்கு ஓடி, மெஷினைப் பிடுங்கிப் போட்டு, ஜன்னல்களைத் திறந்தாள். ஆனால் காலம் கடந்திருந்தது. அந்த வாரமே அவர் போய்விட்டார். எதனால் எவ்வளவு கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பையைக் காலி செய்து, மெஷின் இல்லாமல் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவா முடியும்?

ஆட்கள் கலைந்தபின் கொழுந்தன் அவள் எதிரில் உட்கார்ந்து தேம்பினான்.

"கடைசி காலத்துலயாவது அண்ணன் நல்ல காத்தை சுவாசிச்சாருல்ல, அண்ணி?"

சொல்லிவிட வாய் வரை வந்தது. அழுது வீங்கிய அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி" என்றாள். "நல்ல காத்துதான்."