கடைசி இரண்டு துண்டுகள்

சதுரமான தோசைக்கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் வரை நானும் பார்த்ததில்லை. இப்போது என் சூட்கேஸில் ஒன்று இருக்கிறது – புடவைகளுக்கு நடுவே, டவலில் சுற்றி. சென்னை விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘முட்டை சுருட்ட, சார்.’ நம்புவாரா?

ஜெர்மனியில், ஹம் என்ற ஊரில், தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன். தம்பியும் அவன் மனைவியும் ஐ.டி. காலையில் லேப்டாப்போடு ரயிலேறினால் மாலைதான் முகம் பார்க்கலாம். பகலில் எனக்குப் பேச்சுத் துணை கீழ்வீட்டு ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இங்கே வந்து, ஒரு சாக்லேட் ஃபேக்டரியில் பெட்டி கட்டி அடுக்கும் வேலையில் முப்பது வருஷம், இப்போது ஓய்வு. வெள்ளிக்கிழமைகளில் கோயில் சமையலும் அவர்தான்.

ஒரு காலை கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, சனிக்கிழமை டூசல்டோர்ஃப் போகவேணும். நீங்களும் வாறீங்களோ?”

“என்ன விசேஷம் அக்கா?”

“சமையல் கிளாஸ்.”

சிரித்துவிட்டேன். முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற கை. இவருக்கு யார், எதைச் சொல்லித்தருவது?

“ஜப்பான் சமையல்,” என்றார். என் சிரிப்பு நின்றது.

விஷயம் இதுதான். அக்காவின் மகன் மயூரன் எஞ்சினியர். டூசல்டோர்ஃபில் வேலை. அவன் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண் ஹருகா, ஜப்பான்காரி.

“அவன் சொன்ன நேரம் நான் சம்மதிக்கேல்லை. ஆறு மாசம் அந்தப் பிள்ளையோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, தங்கச்சி. அவள் போன் எடுத்தாலும் வைச்சுப்போடுவன். இப்ப மனம் மாறிட்டுது. அடுத்த ஞாயிறு தாயும் தேப்பனும் ஜப்பானிலையிருந்து வந்து எங்கட வீட்டிலை சாப்பிடுகினம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு அவையின்ர பாஷையிலை சொல்ல எனக்குத் தெரியாது. அதுதான்… கையாலை சொல்லுவம் எண்டு.”

“அந்தப் பொண்ணுகிட்டயே கத்துக்கலாமே அக்கா?”

“என்ன முகத்தோட கேக்கிறது?”

“இங்க உங்க ஃப்ரெண்ட்ஸ் யாரையாவது கூட்டிட்டுப் போகலாமே?”

“கூட்டிக்கொண்டு போனால் அண்டைக்குப் பின்னேரமே ஹம் முழுக்கத் தெரிஞ்சிடும். நீங்கள் எண்டால் அடுத்த மாசம் போயிடுவீங்கள்.”

இவ்வளவு நேர்மையாக என்னை யாரும் எங்கும் அழைத்ததில்லை. உடனே சரி என்றேன்.

ஆசிரியையின் பெயர் யூகோ. ஐம்பது வயதிருக்கும். மூன்றாவது மாடியில் சின்ன ஃப்ளாட். அந்தச் சமையலறையில் நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதனால் வகுப்புக்கு மூன்று பேர்தான் – அதுவும் இரண்டு வாரம் முன்பே டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்கியிருக்க வேண்டும். என்னைக் கேட்கும் முன்பே அக்கா இரண்டு பேருக்கு வாங்கிவிட்டிருந்தார். இந்த நாட்டில் முட்டை உடைக்கக்கூட டெர்மின்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அக்காவின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களோ? எங்கட ஆக்கள்தான்.”

மூன்றாவது மாணவர் உயரமான ஜெர்மன்காரர். வகுப்பு ஜெர்மனில். யூகோ சொல்வார், அக்கா எனக்குத் தமிழில் சொல்வார். முப்பது வருஷம் பத்திரிகையில் அடுத்தவர் சொன்னதை எழுதியே பிழைத்தவள் நான். நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

சதுரக்கல்லைச் சூடாக்க வேண்டும். மடித்த துணியை எண்ணெயில் தோய்த்து, நீளமான குச்சிகளால் பிடித்து, கல்லில் தேய்க்க வேண்டும். மூன்று முட்டை, கொஞ்சம் மீன் சாறு, நாலு சொட்டு சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சீனி – ஆமாம், முட்டையில் சீனி. அடித்த கலவையில் ஒரு கரண்டியை மெல்லிசாக ஊற்றுங்கள். பாதி வெந்ததும் சுருட்டி ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள். காலி இடத்தில் மறுபடி ஊற்றுங்கள். சுருளைத் தூக்கி அதற்கு அடியிலும் கலவையை ஓடவிடுங்கள். மறுபடி சுருட்டுங்கள். நான்கு முறை. வெட்டினால் மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும்.

என் முதல் சுருள் முட்டைப் பொரியலானது. இரண்டாவது, சுருண்டு படுத்த பூனை. மூன்றாவது… நின்றது. மஞ்சள் செங்கல்போல நிமிர்ந்து நின்றது. அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதல் பக்கத்தில் முதல் தடவை பெயர் வந்த நாளில்கூட இப்படிக் குதித்ததாக நினைவில்லை.

அக்காவுக்கு முதல் தடவையே சரியாக வந்தது. சாக்லேட் பெட்டி கட்டிய கை. அளவெடுத்து ஓரம் மடித்ததுபோல ஒரு சுருள். யூகோ குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவுக்குத் தலை வணங்கினார்.

அடுத்தது சூப். அங்கேதான் சிக்கல். ஜெர்மன்காரர் கரண்டியால் குடித்துப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைத் திரும்பவும் சட்டிக்குள் விட்டார்.

“எச்சில்,” என்றார் அக்கா என் காதுக்குள். பாம்பு புகுந்த வீட்டைப் பார்ப்பதுபோலச் சட்டியைப் பார்த்தார்.

யூகோவும் பார்த்துவிட்டார். கரண்டியை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு உள்ளங்கை அளவு தட்டை நீட்டினார். ஒரு சொட்டை அதில் ஊற்றித்தான் குடித்துப் பார்க்க வேண்டுமாம். ருசி பார்க்க என்றே ஒரு தட்டு. அக்கா மகிழ்ந்துபோனார். ஆனால் தட்டைத் தொடவில்லை.

“நான் ருசி பாத்துச் சமைக்கிறேல்லை,” என்றார். “சாமிக்குச் சமைக்கிற கை. படைக்க முதல் வாயிலை வைக்க ஏலாது. மணத்திலையே எனக்குத் தெரியும், உப்புக் காணுமோ காணாதோ எண்டு.”

இதையே ஜெர்மனில் யூகோவுக்கும் விளக்கினார். யூகோ கவனமாகக் கேட்டார், தலையசைத்தார். பிறகு அக்காவின் குறிப்புத் தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் கடைசியில் ஒரு வரி சேர்த்து இரண்டு முறை அடிக்கோடிட்டார். என்ன எழுதினார் என்று கேட்டேன்.

“ருசி பாருங்கோ எண்டு எழுதியிருக்கிறா. விடாக்கண்டி.”

சாப்பிட்டு முடித்தபோது தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. யாரும் எடுக்கவில்லை. பொதுத் தட்டில் இருக்கும் கடைசித் துண்டை எடுப்பது ஜப்பானில் மரியாதை இல்லையாம். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து, அது அப்படியே ஆறிப்போகுமாம்.

“எங்கட வீட்டிலை அந்தப் பிரச்சினை இல்லை,” என்றார் அக்கா. “மிஞ்சினது சமைச்சவளுக்கு.”

அடுத்த ஒரு வாரம் எங்கள் கட்டடம் முழுக்க முட்டை வாசனை. தினமும் சாயங்காலம் அக்கா ஒரு தட்டு கொண்டுவருவார். தினமும் நன்றாக இருந்தது. ஓரங்கள் பொன்னாகச் சிவந்து, மெல்லிய இனிப்போடு. தம்பிதான் வியாழக்கிழமை கேட்டான்: “அந்த ஜப்பான்காரங்க கொஞ்சம் முன்னாடியே வரக் கூடாதா?”

ஞாயிறு வந்தது.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சனிக்கிழமை முழுக்க அக்கா வீட்டைத் துடைத்திருந்தார். சமையலறையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் போய், ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. “வடிவாயிருக்கோ?” என்று கேட்டார். வடிவாகத்தான் இருந்தது.

ஹருகாவின் அப்பா ஒல்லியானவர், கோட் போட்டிருந்தார். அம்மா சின்ன உருவம். வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மேசையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரியல். நடுவில், வெள்ளைத் தட்டில், ஆறு முட்டையில் செய்த இரண்டு சுருள். பன்னிரண்டு துண்டுகள்.

அதைப் பார்த்ததும் ஹருகாவின் அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். மகளிடம் ஏதோ சொன்னார். ஹருகா ஜெர்மனில் மயூரனிடம் சொன்னாள். அக்காவுக்கும் ஜெர்மன் தெரியும்; ஆனாலும் அவளோடு நேரே பேச இன்னும் வாய் வரவில்லை. மயூரன் தமிழில்: “அம்மா, நீங்களே செய்தீங்களோ எண்டு கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லு. அவைக்கெண்டு பழகினது எண்டு சொல்லு.”

மூன்று மொழி தாண்டி அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தது. அப்பா தலை குனிந்தார். அக்கா எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டிரண்டு துண்டு வைத்தார். இரண்டு தட்டில் மிஞ்சியது. அவர் உட்காரவில்லை. விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

துண்டுகள் கொஞ்சம் வெளிறியிருப்பதைக் கவனித்தேன். ஓரம் சிவக்கவில்லை. ஏன் என்று யோசிக்காமல் வாயில் போட்டேன்.

உப்பு. கடலில் குளிக்கும்போது அலை முகத்தில் அடித்தால் வாய்க்குள் போகுமே, அந்த உப்பு.

அந்த வெள்ளை டப்பாக்கள்… சீனி என்று நினைத்து அக்கா உப்பை அள்ளியிருக்கிறார். கறிக்குப் போடும் கல்லுப்பு தனிச் சட்டியில் இருந்ததால் மற்றதெல்லாம் தப்பின. எதையும் மணத்தில் கண்டுபிடிப்பவர்தான். ஆனால் உப்புக்கும் சீனிக்கும் மணம் ஏது?

மயூரன் முதல் கடியில் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். ஹருகா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். அவள் அப்பா முகத்தில் ஒரு தசை அசையவில்லை. ஒரு துண்டு, பிறகு நிறையச் சோறு. அடுத்த துண்டு, இன்னும் நிறையச் சோறு. “ஓய்ஷீ,” என்றார். ருசி என்று அர்த்தம். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பார்த்ததைச் சொல்வதுதான் என் தொழில். அன்று நான் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு தட்டில் மிஞ்சியிருந்த அந்த இரண்டு துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஞ்சினது சமைச்சவளுக்கு. இன்னும் பத்து நிமிஷத்தில் அக்கா உட்காருவார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைப்பார். இந்த விருந்தாளிகளின் முன்னால்.

நானே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். கை எழவில்லை – நாக்கு அப்படிக் கெஞ்சியது.

அப்போது ஹருகாவின் அம்மா குச்சிகளை நீட்டினார். ஒரு துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்தார். பிறகு இன்னொன்று. கடைசித் துண்டு. யாரும் எடுக்கக் கூடாத துண்டு. இரண்டையும் அவசரமில்லாமல் மென்று சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“மயூரன், பாத்தியோ,” என்றார் அக்கா, காலித் தட்டைத் தூக்கிக்காட்டி. “எனக்கு ஒரு துண்டும் மிச்சமில்லை.”

அவர்கள் பரிசாகக் கொண்டுவந்த கிரீன் டீயைப் போட்டுக் குடித்தோம். அதற்குச் சீனி கிடையாது. எல்லோரும் இரண்டு மூன்று கப் குடித்தோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அக்கா. கையில் ஒரு கப் தேத்தண்ணி.

“இதை ஒருக்கா குடிச்சுப் பாருங்கோ.”

வாங்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

“அப்ப நேற்றே உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்,” என்றேன், அவர் பாஷையில்.

“ஏன் சொல்லேல்லை?”

கடைசி இரண்டு துண்டுகளைப் பற்றிச் சொன்னேன். அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கப் கையில் ஆறியது.

“அந்த மனுசி எல்லாத்தையும் எடுத்துச் சாப்பிட்டவ,” என்றார். “நான் சாப்பிடக் கூடாதெண்டு.” பிறகு எழுந்தார். “முட்டை இருக்கோ உங்களிட்டை?”

சாயங்காலம் மயூரனும் ஹருகாவும் காரில் வந்தார்கள், புதுச் சுருளை ஹருகாவின் அம்மா அப்பாவுக்கு எடுத்துப்போக. ஹருகா நேராகச் சமையலறைக்கு வந்தாள். அக்கா அவளிடம் ஜெர்மனில் நிறையப் பேசினார். ஆறு மாதப் பேச்சு அது. எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும் அக்கா தமிழில் திரும்பி மயூரனிடம் கேட்டார்:

“நேற்றுக் காரிலை ஏறினாப்பிறகு தாய் என்ன சொன்னவ?”

“சுருள் நல்ல நேராயிருந்தது எண்டு சொன்னவ, அம்மா.”

“தேப்பன்?”

“வழியிலை ரெண்டு தரம் காரை நிப்பாட்டித் தண்ணி வாங்கினவர்.”

அக்கா முதலில் சிரித்தார். பிறகு ஹருகா. பிறகு எல்லோரும், நிறுத்த முடியாமல்.

ஹருகா கைப்பையிலிருந்து ஒரு டேப்பும் பேனாவும் எடுத்தாள். ஆபீசில் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டுகிறவளாம். மயூரன் ஒரு தாளில் எழுதிக்காட்ட, அதைப் பார்த்துப் படம் வரைவதுபோல இரண்டு சொற்களைத் தமிழில் எழுதினாள். உப்பு. சீனி. “மாமி,” என்று சொல்லி அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா டேப்பை உடனே ஒட்டவில்லை. இரண்டு டப்பாவையும் திறந்தார், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்தார், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நாக்கில் வைத்துப் பார்த்தார்.