நடுக்கதவும் காணாமல் போன ஊசியும்

டொக்... சரக். டொக்... சரக்.

இருட்டிய பிறகு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குத் திருடன் ஞாபகம் வரும். அக்குபங்சர் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும், கவுட் வந்த கால் ஒன்று நடந்து வருகிறது என்று தெரியும். கம்பு ஊன்றுவது டொக். தூக்க முடியாத பாதம் இழுபடுவது சரக். பகலெல்லாம் சும்மா கிடந்துவிட்டு, ஊர் அடங்கியதும் கால் பெருவிரலில் நெருப்பு வைக்கிற நோய் அது. இம்புட்டும் தெரிந்தும், அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக நெஞ்சில் சிலுவை போடும்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கிளினிக். பின்னால் சமையலறை, படுக்கை, இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கும் என் மகள் ஜெனி. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் குடியிருந்தும் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து போட்டுர்றேன்" என்பார். ஞாயிறு வரும், பூசை முடியும், பிரியாணி சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டோடு ஊசித் தொழில் செய்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நான் வெறும் பயந்தாங்கொள்ளியாகத் தெரிவேன்.

பிரியாணி மாஸ்டரின் கட்டைவிரல்

அன்றைக்கு அந்தச் சத்தத்தோடு வந்தவர் பிரியாணிக் கடை மாஸ்டர் காஜா பாய். காலில் செருப்பில்லை. ஈரத்துண்டு சுற்றியிருந்தார். துண்டை எடுக்கப் போனால், "அய்யோ, காத்து படுதும்மா" என்று அலறினார். கட்டைவிரல் பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. வீங்கிய இடத்தில் நாங்கள் குத்த மாட்டோம், வேறு இடத்தில்தான் முடியளவு மெல்லிய ஊசியைச் செருகுவோம் என்று நான் விளக்க விளக்க, அவர் கண்ணை இறுக மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஜெபம்தான் ஓடியது. பின்னால் ஜெனி விழித்துக்கொண்டால் அந்தக் கதவைத் தலையால் முட்டியே திறந்துவிடுவாள்.

வலி கொஞ்சம் மட்டுப்பட்டதும், காலையில் டாக்டரைப் பார்த்து ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். ஆட்டுக்கறி, எலும்பு சூப் பக்கமே போகக் கூடாது, பிரியாணியை ருசிகூடப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ருசி பாக்காம தம்மு ஒடச்சேன்னா கடைக்கு வந்தவன் என்னையக் குத்துவான். அதுக்கு ஒன் ஊசியே தேவலாம்மா."

நம்பிக்கை இல்லாதவள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு முருங்கைத் தோட்டக்காரர் அதே கவுட்டோடு கம்பு ஊன்றி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் நிறுத்திப்போட்டனுங்க. ஊசி ஒண்ணே போதும்னு மச்சான் சொன்னானுங்க" என்றார் பெருமையாக. என்னை நம்பி ஒருத்தர் மாத்திரையை விட்டு, அவருக்கு ஏதாவது ஆகி, அவர் பிள்ளைகள் என் வாசலில் வந்து நின்றால்? ஊசி வலியைக் குறைக்கத் துணைக்கு நிற்கும், ரத்தத்தில் சேர்ந்திருக்கிற யூரிக் அமில உப்பை என்னால் பிடுங்கி எடுக்க முடியாது, இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நடுக்கதவு மெல்லத் திறந்தது. ஜெனி தவழ்ந்து வந்து அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதறிப்போய்த் தூக்கினேன். ஊசித் தட்டு மேசை மேல்தான் இருந்தது. ஆனாலும் அவள் உள்ளங்கை ரெண்டையும் விரித்துப் பார்த்தேன். அவர் என்னையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊசி குத்துற நீங்களே மாத்திரை திங்கச் சொல்றீங்க, உங்க ஊசி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

குத்தாமல் அனுப்பிய முட்டி

சின்னாளபட்டியிலிருந்து ஒருவர் தன் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார். முட்டி வீங்கிச் சிவந்திருந்தது. கவுட்தான், எப்போதும் வருவதுதான் என்றார். தொட்டால் முட்டி மட்டும் இல்லை, உடம்பே கொதித்தது. குளிரில் அந்த அம்மாவின் பல் அடித்துக்கொண்டது. உள்ளே சீழ் வைத்திருக்குமோ என்று பயந்து, ஊசியைத் தொடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். உள்ளே சீழ்தான் இருந்ததாம், பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு மகன் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்:

"போர்டு மட்டும் இம்புட்டுப் பெருசா வச்சிருக்கு, குத்தச் சொன்னா கை நடுங்குது!"

ஒரு கவர் கூடுதல்

பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் பாக்கியம் அக்காவுக்கு ரெண்டு பாதத்திலும் கவுட். வலியில் தூக்கமே இல்லை என்று அழுதார். அன்று சாயங்காலம் அவர்தான் கடைசி ஆள். ஊசிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கிற நேரம் பார்த்து நடுக்கதவு திறந்தது. ஜெனி! ஒரு கையில் அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் ஊசிகளை உருவித் தட்டில் போட்டேன். பிள்ளை அழுகிறாளே என்று அக்காவும் கம்பை ஊன்றிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊசிக்கு ஒன்றாகப் பிரித்த கவர்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்து, எடுத்த ஊசிகளோடு சரிபார்த்த பிறகுதான் ஊசிக் கழிவு டப்பாவில் போடுவோம். சரிபார்த்தேன். ஒரு கவர் கூடுதலாக இருந்தது. கான்வென்டில் சிஸ்டர் பழக்கியபடி மறுபடியும் எண்ணினேன். அப்போதும் ஒரு ஊசி இல்லை.

டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் ஊசி மின்னும். மின்னவில்லை. பாயை உதறினேன், கட்டிலை நகர்த்தினேன், பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மூலை மூலையாக இழுத்தேன். ஜெனியின் உள்ளங்கை, முட்டி, ஜட்டி எல்லாம் தடவிப் பார்த்தேன். "ஆ காட்டு கண்ணு, ஆ காட்டு" என்று வாயில் விரலை விட்டேன். விளையாட்டு என்று நினைத்து அவள் கடித்தாள். பிறகு இருமினாள். ஒரே ஒரு இருமல்தான். எனக்கு உலகமே நின்றுவிட்டது.

பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஸ்டீபனின் போன் மில் கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்த டிரைவர் சொன்னார்:

"ஏறு தாயி, எங்கன்னு அப்புறம் சொல்லு."

கொண்டைக்கு மேலே

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத் தோன்றவில்லை. பயந்துபோன தாய்க்குத் தன் பிள்ளையின் வாயைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது.

ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது தெருவிளக்குக்கு அந்தப் பக்கம், டொக்... சரக். டொக்... சரக். பாக்கியம் அக்கா மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். ஒரு கை கம்பில். இன்னொரு கையில் வாழைநாரில் சுற்றிய ஏதோ ஒன்று.

"ஏத்தா டாக்டரம்மா! பஸ் ஸ்டாண்டுல நின்னு தலையில இருந்த பூவச் சரிபண்ணப் போனா சுருக்குங்குது. பூ கட்டுன நாருன்னு நெனச்சு இழுத்தேன், ஊசி வருது!"

தூக்கத்துக்காக அவர் உச்சந்தலையில் நான் போட்ட ஊசி. கொண்டைக்கு மேலே, அடர்ந்த முடிக்குள், கனகாம்பரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அதைக் கையில் வாங்கினேன். வளையவில்லை, உடையவில்லை, முழுசாக இருந்தது. தெருவென்றும் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஜெனியும் சேர்ந்து அழுதாள். எக்ஸ்ரேக்கு என்று வந்த ஆட்டோவிலேயே அக்காவை ஏற்றினேன். உட்கார்ந்த பிறகும் அவருக்கு விளங்கவில்லை.

"குத்து வாங்குனது நானு, நீ எதுக்குடி இந்த அழுக அழுகுற?"

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஸ்டீபனிடம் சொன்னேன். வழக்கமாகக் கேலி செய்கிறவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜெனியை வாங்கி அவள் வாயைத் திறந்து பார்த்தார். "அதான் ஊசி கெடச்சிருச்சே" என்றேன். "இருக்கட்டும் புள்ள" என்று இன்னொரு தடவையும் பார்த்தார். கடை திறந்ததும் ஓடிப்போய் ரெண்டு தாழ்ப்பாள் வாங்கிவந்தார். கிளினிக் பக்கம் ஒன்று, வீட்டுப் பக்கம் ஒன்று. நான் ஊசி போடும் நேரத்தில் பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஜெனியைப் பார்த்துக்கொள்கிறார். அவள் மூடிய கதவைத் தட்டித் தட்டி என்னைத் திட்டுகிறாள். அன்றைக்குக் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு ஸ்டீபன் மெதுவாகச் சொன்னார்:

"இனிமே ஒன்னையப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னா என் வாயிலயே ஒரு ஊசியப் போடு."

இதை எழுதி முடிக்கும்போது ஜெனி தூங்குகிறாள், கவரும் ஊசியும் சரியாக இருக்கின்றன. ஊராரின் வலிக்கெல்லாம் புள்ளி தேடிக் குத்துகிற எனக்கு, என் பயத்துக்கான புள்ளி உடம்பில் எங்கேயும் கிடைக்காததால், எழுந்துபோய் நடுக்கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.