குளிப்பாட்டிய கம்பளம்

எங்கள் வீட்டில் எது அழுக்கானாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழக்கம். சமையல் மேடை, பால்கனி, குளியலறை, செருப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துடைப்பமும். திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்து எத்தனையோ குளிர்காலம் பார்த்தாயிற்று. தண்ணீர் படாத இடத்தைச் சுத்தம் என்று ஒப்புக்கொள்ள இன்னும் எனக்கு மனம் வருவதில்லை.

அதனால், போன ஜனவரியில் மகள் வளர்க்கும் பூனை முன்னறைக் கம்பளத்தில் மூத்திரம் போனபோது, நான் யோசிக்கவே இல்லை. கனத்த கம்பளி விரிப்பு அது. பால்கனிக்கு இழுத்துப் போட்டு, சோப்புத் தூளைத் தூவி, வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன்.

"அரே பெஹன்ஜி, காலீன் கோ நஹலா ரஹீ ஹோ?" என்று மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கம்பளத்தை யாராவது குளிப்பாட்டுவார்களா, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுச் சமையல் சோடா தூவி உதறினால் போதாதா, இனி இது ஹோலிக்குக்கூடக் காயாது என்றாள். நான் "அச்சா, அச்சா" என்றபடியே அடுத்த வாளியை ஊற்றினேன்.

அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை. வெளியே புகையும் பனியும். ஆர்.கே.புரத்தில் எல்லா வீட்டு ஜன்னலும் அடைத்துக் கிடந்தன, எங்களுடையதும்தான். கம்பளத்தின் மேல்புறம் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டதால் அதைத் திரும்ப விரித்து, ஒரு ஓரத்தில் திவான் கட்டிலையும் போட்டுவிட்டோம். மகள் கம்பளத்தின்மேல் உட்கார்ந்துதான் படிப்பாள்.

பிறகு ஒரு வாடை கிளம்பியது. பூனை மறுபடி மூத்திரம் போய்விட்டது என்று முடிவு கட்டினோம். நான் பினாயில் போட்டுத் துடைத்தேன், ஊதுபத்தி கொளுத்தினேன். மகள் இருமத் தொடங்கினாள். சின்ன வயதில் அவளுக்கு வீசிங் இருந்தது. வளர வளரப் போய்விட்டது என்று நம்பியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள், "அம்மா" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு வெளுத்திருந்தது. ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது; எந்தச் சாலை வழியாகப் போனோம் என்பது நினைவில்லை.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர், வீட்டில் ஏதாவது பிராணி உண்டா என்று கேட்டார். நானும் கணவரும் ஒரே குரலில் "பூனை" என்றோம். கொஞ்ச நாள் அதை வெளியே விட்டுப் பாருங்கள் என்றார்.

கரோல் பாக்கில் இருக்கும் தன் ஆபீஸ் நண்பரிடம் கொடுத்துவிடலாம் என்றார் கணவர்.

"அப்பா, ப்ளீஸ் நா. அது என்ன பண்ணிச்சு?"

"ஏட்டி, பூனை வேணுமா மூச்சு வேணுமா?"

"ரெண்டும்."

"வக்கீலுக்குப் படிக்கப் போடணும் இவள" என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவர் மூடிபோட்ட கூடையோடு நின்றார். பூனை திவானுக்கு அடியில் சுவரோரம் பதுங்கிக்கொண்டது. திவானை நகர்த்தினோம். திவானின் கால் மாட்டிக் கம்பளத்தின் ஓரம் மடங்கித் தூக்கிக்கொண்டது. அடிப்புறம் முழுக்கக் கறுப்பு. தொட்டேன், மெத்தென்று, சில்லென்று, இன்னும் ஈரம். தரையிலும் அதே கறுப்பு படர்ந்திருந்தது. அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது. அதன் மேல்தான் என் பிள்ளை தினமும் உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறாள்.

"இத நீயா கழுவின?" என்றார் கணவர். கூடையைக் கீழே வைத்தார்.

மகளை உடனே மேல்வீட்டுக்கு அனுப்பினோம். "மைனே கஹா தா நா?" அன்றைக்கே சொன்னேனே என்று மாடிப்படியிலிருந்து என்னைக் குத்திக் காட்டிவிட்டுத்தான் அந்த அம்மா அவளை உள்ளே அழைத்துப் போனாள். நாங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு கம்பளத்தைச் சுருட்டிக் குப்பைமேட்டில் போட்டோம். திரும்பி வந்ததும் என் கை தானாக வாளிக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் திரும்பத் திரும்ப ஒற்றி, ஃபேனைப் போட்டேன், அந்தக் குளிரில்.

டாக்டரிடம் சொன்னோம். பூஞ்சையாக இருக்கலாம், பூனையாகவும் இருக்கலாம், அடுத்த முறை மூச்சைச் சோதித்துச் சொல்கிறேன் என்றார். அதுவரை பூனை மகளின் அறைக்குள் போகக்கூடாது. அது முன்னறையில் வெறும் பாயில் தூங்குகிறது. கூடை கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. எடுத்து வைக்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

மகள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் சட்னி அரைக்கும்போது பாதியில் மிக்ஸியை நிறுத்திவிட்டு அவள் அறைப்பக்கம் காதைக் கொடுக்கிறேன். இன்று காலையும் அப்படித்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "மூச்சு விட்டுட்டுதாம்மா இருக்கேன். நீ மிக்ஸியப் போடு."