எதிர்ச் சரிவிலிருந்து ஒரு பதில்

போன வருஷம் ஜூலை மழையில், குன்னூர் பக்கத்தில் நாங்கள் இருக்கும் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவர், வழுக்கி வாய்க்காலில் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும், மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தினமும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து திரிகிற மனுஷன். எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தாலோ, மண் சரியாமல் இருக்கக் கட்டிய பாசி பிடித்த சுவர்தான் தெரியும். இரண்டாவது வாரமே பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. அந்தக் கேலியும் நின்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

என் பிழைப்பு என்ன தெரியுமா? இன்னும் கட்டி முடிக்காத பிளாட்டுகளை வி.ஆர். கண்ணாடிக்குள் உருவாக்கிக் கொடுப்பது. கண்ணாடியை மாட்டினால் அந்த வீட்டுக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டுவதில் நான் கில்லாடி. கட்டிய புருஷனுக்கு ஒரு மலையைக் காட்ட முடியாதா என்று இறங்கினேன்.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில், அவர் வழக்கமாக நிற்கும் மேட்டில் கேமராவை வைத்துச் சுற்றிலும் படம் எடுத்தேன். பத்து நாள் வேலை. தூரத்து மலைகளைக்கூடப் பளிச்சென்று ஆக்கினேன். அங்கங்கே இருந்த மூடுபனியைத் துடைத்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களையும் அழித்துவிட்டேன். ஆள் இருந்தால் இடம் சின்னதாகத் தெரியும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்ட இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டார்.

“நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா செவுத்துல காலண்டர் ஒட்டுனாப்பல இருக்குது. மூச்சு முட்டுது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அப்ப அந்தப் பாசிச் செவுத்தையே பாத்துட்டு இருங்க” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். படுத்துக் கிடப்பவரிடம் அப்படிச் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

கால் போன போக்கில் நடந்து அதே மேட்டில் போய் நின்றேன். மூடுபனி கொஞ்சம் விலகியபோது எதிர்ச் சரிவில் புள்ளி புள்ளியாகப் பெண்கள் தெரிந்தார்கள். என் குடையைப் பார்த்த ஒருத்தி, “அக்கா, சார் எப்படி இருக்காரு?” என்று கத்தினாள். அதற்குள் பனி மறுபடி மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியாத அந்த வெள்ளையைப் பார்த்து, “பரவால்லீங்க” என்று நானும் கத்தினேன். அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு மூச்சு நேரம் ஆனது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எதையெல்லாம் துடைத்தேனோ, அதெல்லாம்தான் அந்த இடத்தைப் பெரிதாக வைத்திருந்தது.

மறுநாளே போய் அந்தப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு நான் கேட்டதைச் சரிவிலிருந்தபடியே கத்திக் கொடுத்தார்கள்; மேட்டில் நின்று அதைப் பதிவு செய்துகொண்டேன்.

பனியையும் ஆட்களையும் இருந்த இடத்திலேயே வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியை மாட்டிவிட்டேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். இதுவும் போச்சு என்று நினைத்தேன். திடீரென்று, கட்டில் அதிர, பறித்த கொழுந்தை எடை போட ஆட்களைக் கூப்பிடும் அதே வேலைக்காட்டுக் குரலில் கூப்பிட்டார்.

“எடை போடலாம், எல்லாரும் வாங்கோ...”

ஒரு மூச்சு விட்டுப் பட்டனை அழுத்தினேன். எங்கோ தூரத்திலிருந்து பதில் வந்தது. “வர்றோங்க சார். நீங்க மொதல்ல எந்திரிச்சு வாங்க.” பின்னாலேயே சிரிப்பு.

கண்ணாடிக்குக் கீழே அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “கீழ்ப் பாத்தியப் பறிக்காம அப்படியே உட்டிருக்காங்க, பாரு” என்றார். அன்றைக்குச் சாப்பாட்டை முழுசாக முடித்துவிட்டு, ரசத்தில் உப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது கைத்தடியோடு அவர் அந்த மேட்டுக்கே போய் நிற்கிறார். நான் இன்னும் பிளாட்டுகள்தான் செய்கிறேன். ஒவ்வொன்றிலும் எதிர் பால்கனியில் துணி காயப்போடும் ஒரு பெண்ணை விட்டுவைத்து, கம்பெனியில் திட்டு வாங்குகிறேன். கூப்பிட்டால் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தால் போதும், நாலு சுவருக்குள் கிடந்தாலும் மூச்சு விட முடியும் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே.