குன்னூருக்கு ஒரு தலையோடு போய்வந்தேன்

குன்னூரில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்களுக்குக் கண் பரிசோதனை சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். போன மாதம், ஒரு சனிக்கிழமை. நான் கோவையில் கண் மருத்துவர். நோயாளிகள் போக மிச்ச நேரத்தில் மாணவர்களைத் திட்டுவது என் உபதொழில். மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துவைப்பார்கள். நான் ஸ்வெட்டரை மறந்துவிட்டுச் சுந்தரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சுந்தரம் ஒரு ரப்பர் தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. பின்மண்டையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதில் விழித்திரைப் படம் உள்ள வில்லையைச் செருகிவிட்டால், கண்மணி வழியாகக் கருவியை வைத்துப் பார்ப்பவருக்கு நிஜக் கண்ணின் உட்புறம் மாதிரியே தெரியும். நிஜ நோயாளி கண்ணைச் சிமிட்டுவார், தும்முவார், "இன்னும் முடியலையா?" என்பார். சுந்தரத்திடம் அந்தத் தொல்லை இல்லை.

மலை ரயிலில் போக ஆசைதான். டிக்கெட் எப்போதோ தீர்ந்திருந்தது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாசஞ்சர் ரயில், அங்கிருந்து டாக்சி. முப்பத்துநான்கு கிலோமீட்டர், 1,600 ரூபாய். சீட்டில் உருளாமல் இருக்கச் சுந்தரத்துக்கு பெல்ட் போட்டேன். டிரைவர் குமரேசன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பவே மறந்துபோனார்.

"ஏனுங் மேடம், அந்த சாருக்கு உடம்பு எங்கீங்க?"

விளக்கிச் சொன்னேன். கண் டாக்டர் என்று தெரிந்ததும் மனிதர் உஷாராகிவிட்டார். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறதாம். கண்ணைக் காட்டியதுண்டா என்றேன்.

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதுங்க. டாக்டருகிட்டக் காட்டினா எதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுவாங்க. அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கோணும், புள்ளை காலேஜுல படிக்குது. வண்டியில்லீன்னா நாம் என்னங்க பண்றது?"

கண் நன்றாக இருப்பதை நிரூபிக்க, வழியில் வந்த போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினார். "யானைகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்!" என்று அவர் முழங்கிய இடத்தில் நான் எட்டிப் பார்த்தேன். அங்கே பிளாஸ்டிக் தடை பற்றிய புத்தம்புது போர்டு இருந்தது. அவர் படித்தது, முன்பு அங்கே இருந்து மனப்பாடமாகிப்போன பழைய போர்டு. மீதி வளைவுகளுக்கெல்லாம் நான் கைப்பிடியை விடவில்லை.

சோதனைச்சாவடியில் இ-பாஸைப் பார்த்த ஊழியர், "பிளாஸ்டிக் பாட்டில் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று பின்சீட்டுக்குள் தலையை நீட்டினார். அங்கே இன்னொரு தலை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இது ரப்பர், பிளாஸ்டிக் இல்லை, தூக்கியெறிகிற சாமானும் இல்லை என்று நான் வாதாடி முடிப்பதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டி நின்றுவிட்டது. கடைசியில் அவர் சுந்தரத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார். ஒன்றேகால் மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமானது.

வகுப்பில் ஏழு பயிற்சி டாக்டர்கள். வலது கண்ணை வலது கண்ணால், இடது கண்ணை இடது கண்ணால் பார்க்க வேண்டும், மாறிப் பார்த்தால் மூக்கும் மூக்கும் முட்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். முதல் பையன் மாறிப் பார்த்துச் சுந்தரத்துக்கு முத்தமே கொடுத்துவிட்டான். ஆனாலும் ஆள் அசரவில்லை. "டிஸ்க் கிளியரா தெரியுது மேடம்" என்றான். டிஸ்க் என்பது கண்ணுக்குள் பார்வை நரம்பு வந்து சேரும் வட்டம். அடுத்தவனுக்கு அதன் விளிம்பும் தெரிந்தது. மூன்றாவது பெண் ரத்தக்கசிவே பார்த்துவிட்டாள். ஆறு பேரும் பாடப்புத்தகத்தில் உள்ளதை வரிபிசகாமல் பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஏழாவது ஆள் சுகன்யா. பக்கத்து அருவங்காட்டுப் பெண். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல மேடம்" என்றபோது கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "ஆறு பேருக்குத் தெரியுது, உனக்கு மட்டும் எப்படிம்மா தெரியாம போகும்?" என்று கடுகடுத்துக்கொண்டே நான் குனிந்து பார்த்தேன். உள்ளே வெறும் சுவர். துடைப்பதற்காக எல்லா வில்லைகளையும் கழற்றி டப்பாவில் போட்டிருந்தேன். டப்பா டாக்சியில்.

ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தபோது, பழைய வர்க்கி டப்பாவைத் தூக்கிக்கொண்டு குமரேசன் உள்ளே வந்தார். "மேடம், பலகாரத்தை வண்டியில உட்டுட்டீங்க." எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. திறந்து பார்த்து வாடியது.

நடந்ததைக் கேட்டு குமரேசன் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவரை விடுவேனா? "நெசமான கண்ணு ஒண்ணு வேணும், உக்காருங்க" என்றேன். சிரிப்பு நின்றது. கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு சுகன்யாவைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலீன்னது இந்தப் புள்ளைதானுங்களே?"

"ஆமா."

"அப்படீன்னா இவங்களே பாக்கட்டுங்க."

நம்புங்கள், சட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டார். கண்மணி விரிய நான் சொட்டுமருந்து விட்டேன். இதற்கப்புறம் நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது என்றதும் கொஞ்சம் முனகினார். அரை மணி கழித்து சுகன்யா பார்த்தாள். இந்த முறையும் அவசரப்படவில்லை.

"அண்ணா, கொஞ்சம் நேராப் பாருங்க." இன்னொரு கண்ணையும் பார்த்தாள். "மேடம், சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி நெறைய இருக்கு. மஞ்சளாவும் இருக்கு. நான் தப்பா பாக்கறேனா?"

நானும் பார்த்தேன். ஒரு புள்ளிகூட அவள் தப்பாகப் பார்க்கவில்லை. சர்க்கரை இரண்டு விழித்திரையையும் அரித்திருந்தது. குமரேசன் என் முகத்தையே பார்த்தார்.

"ஓட்ட உடமாட்டீங்களா மேடம்?"

"இப்போ ஓட்டக்கூடாது. லேசர் வெச்சுட்டுப் பாப்போம். இன்னும் ஒரு வருசம் இப்படியே ஓட்டியிருந்தா, அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கார் குன்னூரிலேயே நின்றது. இருவரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். இத்தனை வருடமாக இந்த மலையை ஓட்டியே பழகிய மனிதர், முதல்முறை பயணியாக உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். பாதி வழியில் வாந்தியும் எடுத்தார். சுந்தரம் என் மடியில் சௌக்கியமாக இருந்தது. அந்தப் புது போர்டு வந்ததும், "அதைப் படிங்க பாப்போம்" என்றேன்.

"எந்த போர்டுங்க?" என்றார்.

நீங்கள் போவதாக இருந்தால்: இ-பாஸ் முன்கூட்டியே எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் கொண்டுபோங்கள். பஸ்ஸில் முன்பக்க சீட் வயிற்றுக்கு நல்லது. ரப்பர் தலை கொண்டுபோகிறவர்கள் அதைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள், பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிற டாக்டர் உடனே "எல்லாம் கிளியர்" என்றால் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாலும் தப்பில்லை.

போன வாரம் குமரேசன் போன் செய்தார். லேசர் முடிந்துவிட்டதாம். பார்வை தேறினால் பகலில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். போனை வைப்பதற்கு முன்னால் இதையும் சொன்னார்.

"மேடம், அந்த டாக்டர் புள்ளைகிட்ட ஒண்ணு சொல்லிப்போடுங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பித்தானுங்க நான் உக்காந்தேன்."